பூவம்மா டீச்சரின் கடைசி ஆசை

மருதப்பன் மேடையில் நின்று அழுதார். அதைப் பார்த்ததும் செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடை என்றால் பெரிய மேடை இல்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த தமிழ்ப்பள்ளியின் மூன்றாம் வகுப்பில் நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். செங்கமலத்தின் அத்தை பூவம்மா டீச்சர் இறந்து அன்று பதினாறாம் நாள். வருஷம் 1968. துணிக்கடை முதலாளியும் பள்ளிச் செயலவைத் தலைவருமான மருதப்பன், டீச்சரைத் தமிழுக்காகவே வாழ்ந்த தெய்வம் என்றார்.

தெய்வமாம். மழைக்குப் பள்ளிக் கூரை ஒழுகுகிறது என்று சொல்ல அந்தத் தெய்வம் மூன்று வருஷம் அவர் கடை வாசலில் நின்றது. உட்கார ஒரு முக்காலி எடுத்துப் போட்டிருப்பாரா?

அத்தை நல்லவள்தான்; சிக்கலே அதில்தான். கட்டியவர் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அவள் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, வாத்தியார் பயிற்சி முடித்து, இருபது வருஷம் பாடம் சொன்னாள். சேர்க்கை நேரம் வந்தால் பதிவுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைவீடுகளின் அஞ்சடி நடைபாதை முழுக்க அலைவாள். பால்காரர் வீடு, சலவைக்காரர் வீடு, ஒன்றையும் விடமாட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு போய் நிற்பாள். கோபம் வந்தால் அடி பின்னி எடுத்துவிட்டு, அரை மணி கழித்து அதே பிள்ளைக்குத் தலைவாரி விடுவாள். செங்கமலத்துக்கு அவள் மேல் உயிர்.

அந்த அத்தைதான் 1950இல் அவளை மோசம் செய்தாள். அப்பா நாயாக அலைந்து கான்வென்ட்டில் செங்கமலத்துக்கு ஓர் இடம் வாங்கியிருந்தார். நீலப் பாவாடைகூடத் தைத்தாயிற்று. சொந்த வீட்டுப் பிள்ளையை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஊரார் வீட்டில் போய் உங்கள் பிள்ளையைக் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன் என்று அத்தை ஒரே பிடியாக நின்றாள். மறுநாள் அவளே போய் அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

செங்கமலம் தமிழ்ப்பள்ளியில் எல்லா வருஷமும் முதல். முதலாக வந்து என்ன கண்டாள்? செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். இப்போது அவர்களும் மூட்டை கட்டப்போகிறார்கள். வேறு வேலை கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். எல்லா இடத்திலும் இங்கிலீஷில் ஒரு தாளை நீட்டினார்கள். தன் பெயருக்கு மேல் அவளால் ஒரு வரி எழுத முடியவில்லை. அந்தக் கோபத்தை அத்தையிடம் சொல்ல அவளுக்கு வாய் வந்ததே இல்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அத்தையே பேச்சை எடுத்தாள். “பூரணத்தை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போடு. உனக்கு நான் பண்ணினது தப்பு.” பூரணம் செங்கமலத்தின் ஆறு வயது மகள். செங்கமலம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் அத்தை போய்விட்டாள். இனி இந்தக் கோபத்தை யார் தலையில் கொண்டுபோய்க் கொட்டுவது?

மருதப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சரின் கடைசி ஆசை தனக்குத் தெரியும் என்றார். டீச்சரின் பேத்தி பூரணம் அடுத்த வருஷம் இதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டுமாம். சொன்னதோடு நிற்காமல், பதிவுப் புத்தகத்தைத் திறந்து முதல் பெயராக எழுதியும் விட்டார். கூட்டம் கைதட்டியது.

மருதப்பனின் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் காரில் இங்கிலீஷ் பள்ளிக்குப் போவது அந்தத் தெருவுக்கே தெரியும். செங்கமலம் எழுந்து மேசையருகே போனாள்.

“கடைசியா அத்தை என்கிட்டதான் பேசினாங்க. பூரணத்தை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சேர்க்கச் சொன்னாங்க.”

செத்தவரை அசிங்கப்படுத்தாதே என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார். மருதப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிள்ளைகள் குறைந்தால் ஒன்றாம் வகுப்பையே மூடிவிடுவார்கள் என்றார். “ஒரு பேருதானே லா.”

ஒரு பெயர்தான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் அந்தப் புத்தகத்தில் ஒரு பெயர்தான். செங்கமலம் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மகள் பெயரை அடித்தாள். பிறகு பேனாவை அவரிடமே நீட்டினாள்.

“பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லலைங்க. ஊரைக் கேக்கிறதுக்கு முன்னால எங்க அத்தை சொந்த வீட்டுப் பிள்ளையைக் குடுத்தாங்க. தப்போ சரியோ, குடுத்தாங்க. நீங்க உங்க பேரன் பேரை எழுதுங்க. அடுத்த வரியில என் மக பேரை நானே எழுதறேன்.”

மருதப்பன் புத்தகத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். செங்கமலம் கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் பேனாவை வாங்கவில்லை.