மூன்று பாய்லருக்கும் பொட்டு

அப்போதெல்லாம் ஒவ்வொரு ராணுவ முகாமிலும் ஒவ்வொரு ரக பாய்லர். சமையல்கூடத்துக்கு, ஆஸ்பத்திரி வார்டுக்கு, சலவைக்கு என்று எல்லாவற்றுக்கும் வெந்நீர் வேண்டும். ஒரு முகாமின் டீசல் பர்னர் கெட்டால் அடுத்த முகாமின் பர்னர் அதில் பொருந்தாது. ஆளாளுக்குத் தெரிந்த தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், வாங்கியதால் வந்த வினை. ஈப்போ முகாமில் ஸ்டோர் பார்த்த எனக்குத்தான் வசவு. நான் ராணுவத்தான்கூட இல்லை, சிவிலியன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், இனி எல்லா முகாமுக்கும் ஒரே மாதிரி பாய்லர்தான் என்று முடிவானது. மூன்று பட்டறைகள் ஆளுக்கொன்றை எங்கள் முகாமில் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். எது யாருடையது என்று தெரியாமலிருக்க மூன்றுக்கும் ஒரே பச்சைப் பெயிண்ட். பெயர்த்தகட்டைக் கழற்றிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டார்கள்.

மூன்றையும் இறக்கி வைத்தவன் நான் என்பதால் எது யாருடையது என்று எனக்குத் தெரியும். இரண்டாம் நம்பர் ஜெலாப்பாங் பட்டறையில் செய்தது. அங்கே வெல்டிங் வேலை பார்த்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். நேராகச் சோதனையை நடத்தும் மேஜரிடம் போய், இதில் ஒன்று என் உறவுக்காரர் வேலை செய்யும் பட்டறையுடையது என்று சொல்லிவிட்டேன். "எது என்று மட்டும் சொல்லாதே" என்று கையை உயர்த்தினார். அன்றிலிருந்து நான் தும்மினாலும் அவர் திரும்பிப் பார்த்தார்.

மச்சான் வீட்டுக்கு வந்தார். "மாப்ள, இந்த ஆர்டர் வரலன்னா தவுக்கே பட்டறைய மூடிருவான்லா. மூணு புள்ளைய வெச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? கொஞ்சம் பாத்துக்க."

"பாத்துக்க என்னா இருக்கு மச்சான்? நான் வாயத் தொறந்தா நீங்களும் காலி, நானும் காலி."

அவர் முகம் சுருங்கிவிட்டது. போதாத காலம், அதே வாரம் மூன்றாம் நம்பர் பட்டறை ஆள் ஒருவன் டுரியான் கூடையோடு என் வாசலில் வந்து நின்றான். கூடையையும் ஆளையும் சேர்த்து விரட்டினேன். ஆனால் அவன் கூடையும் கையுமாக எங்கள் சந்திலிருந்து வெளியே போனதை எதிரே சைக்கிளில் வந்த மச்சான் பார்த்துவிட்டார். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள்!

சோதனை நாள் காலையில் கொட்டகையைத் திறந்தேன். ஐயோ, இரண்டாம் நம்பரின் பர்னர் கதவில் பளிச்சென்று சந்தனமும் குங்குமமும்! ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடத்தில் அடுப்பு வேலை பழகியவர் மச்சான். முதல் தீ வைப்பதற்கு முன் பொட்டு வைக்காமல் எதையும் தொடமாட்டார். முந்தின நாள் மூன்று பட்டறை ஆட்களும் குழாய் பூட்ட வந்தபோது பழக்கதோஷத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெயரை மறைத்து என்ன புண்ணியம்? தமிழன் கை பட்ட பாய்லர் இதுதான் என்று கதவே சொல்லிக்கொண்டிருந்தது.

துணியை எடுத்தேன். கை போகவில்லை. சாமி கும்பிட்டு வைத்த பொட்டை, அதுவும் தீ எரியப்போகிற இடத்தில், அழிக்கலாமா? அந்த அடுப்பை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது. துணியை மடித்து வைத்தேன். பிறகு ஸ்டோரில் இருந்த முருகன் படத்தடியிலிருந்து சந்தனத்தையும் குங்குமத்தையும் கொண்டுவந்து ஒன்றுக்கும் மூன்றுக்கும் அதேபோல் வைத்துவிட்டேன். மூன்றிலும் இருந்தால் எதுவும் அடையாளமில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மேஜர் அதிகாரிகளோடு வந்தார். பட்டறைக்காரர்கள் வாசலில் நின்றார்கள். "ஆப்பா இனி?" இது என்ன என்று மேஜர் பொட்டைக் காட்டிக் கேட்டார். "நெருப்பு வேலை, துவான். ஆபத்து வராமலிருக்க எங்கள் வழக்கம். மூன்றுக்கும் வைத்திருக்கிறது" என்றேன். தலையாட்டிவிட்டு நகரப்போனார்.

அப்போதுதான் மச்சான் மூன்றாம் நம்பரைப் பார்த்தார்.

"அடப்பாவி மாப்ள! நம்ம சாமானுக்குத்தானே நான் பொட்டு வெச்சேன். அவன் சாமானுக்கு யாரு வெச்சா? நீயா? டுரியான் தின்ன வாய்தானேலா அது!"

"மச்சான், வாய மூடுங்க!"

எங்கே மூடினார்? மேஜருக்குப் புரியவில்லையே என்று மலாயில் வேறு கத்தினார். "இனி சாயா பூஞ்யா, துவான்!" இது என்னுடையது என்று இரண்டாம் நம்பரைப் பட்பட்டென்று தட்டினார்.

மேஜர் என்னைப் பார்த்தார். என் உறவுக்காரர் யார், எந்தப் பாய்லர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "நம்பர் இரண்டு வெளியே" என்றார்.

மூன்றாம் நம்பர் தேர்வானது. அதன்பின் எல்லா முகாமிலும் ஒரே பர்னர், ஒரே வால்வு. என் வேலை சுலபமாகிவிட்டது, அதுவே எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. ஜெலாப்பாங் பட்டறையைச் சொன்னபடியே மூடினார்கள். மச்சான் பிள்ளைகளோடு பாகான் செராய்ப் பக்கம் நெல் ஆலைக்குப் போனார். போகுமுன் சொந்தக்காரர் ஒருவர் விடாமல், நான் மூன்றாம் நம்பர்காரனிடம் வாங்கித் தின்றதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் வாயாலேயே அவர் பாய்லர் போனது என்று நான் யாரிடம் சொல்லி அழ?

அந்த வருஷ தீபாவளிக்கு மனைவி மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தாள். வந்தவள் புடவைகூட மாற்றாமல் அடுப்படியில் நின்று, நாங்கள் தவணையில் புதிதாக வாங்கியிருந்த ஐஸ்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க," என்றாள் மெதுவாக, "இதுக்கு நீங்கதானே மாசாமாசம் காசு கட்டுறீங்க?"