லிப்டில் ஏறாதவர்

பினாங்கில் கப்பல் ஏறிய அன்று மத்தியானம் அவரைப் பார்த்தேன். பாதுகாப்புப் பயிற்சி என்றால் இப்போதெல்லாம் கைப்பேசியில் ஒரு வீடியோ. பிறகு ஒன்றுகூடும் இடத்தில் அறை அட்டையைக் காட்டினால் முடிந்தது. நான் காட்டிவிட்டுத் திரும்பும்போது, ஈப்போவிலிருந்து எங்கள் பஸ்ஸில் வந்த ஜெலாப்பாங்காரர், மனைவியை முதுகில் சுமந்தபடி படியிறங்கி வந்தார். நரைத்த மீசை, தொப்பலாக நனைந்த சட்டை. ஒவ்வொரு படியையும் வாய்விட்டு எண்ணினார்.

“லிப்ட்டு இருக்கே, அண்ணே?”

“தீப்பிடிச்சா லிப்ட்டு ஓடாதுலா. இந்த மாடியிலயே ரூமு கேட்டேன், ஹபிஸ், ஒண்ணும் மிச்சமில்லேன்னுட்டாங்க. அஞ்சு மாடி மேல போட்டுட்டாங்க.”

மனைவியை நாற்காலியில் இறக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒம்பது நிமிஷம். ரொம்ப லேட்டு.”

அவர் தண்ணீர் எடுக்கப் போனதும் அந்த அம்மா என் கையைப் பிடித்தார். அந்த அம்மாவின் கால்கள் துணிபோல் தொங்கின.

“ஏதாச்சும் ஆச்சுன்னா என்னை விட்டுட்டு ஓடிருங்கன்னு, புக் பண்றப்பவே சொன்னேன் அக்கா. அன்னிக்கிலேர்ந்து எங்க பிளாட்டு படியிலயும் இப்படித்தான் தூக்கிட்டு அலையிறாரு.”

கணவர் வந்தார். தண்ணீரைக் குடிக்கவைத்து, மறுபடி குனிந்து முதுகைக் காட்டினார்.

நான் அவர்களுக்காக லிப்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்; அவர் மனைவியோடு படியேறினார். படிக்கட்டில் எண்ணும் குரல் பன்னிரண்டில் நின்றது. வெகுநேரம் கழித்து, ஒன்றிலிருந்து தொடங்கியது.