தங்கம் தேடிய டார்ச்

எங்கள் தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட்டில் ஷிப்ட் முடிந்து மேலே வந்தால், துணியை அவிழ்த்துக் காட்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. தங்கத்தை உடம்பில் ஒளித்து எடுத்துப் போகிறோமா என்று வாட்ச்மேன் குனியவைத்துப் பார்ப்பார். அவர் பார்க்காத இடம் எங்கள் உடம்பில் கிடையாது.

எனக்கு ஆசனவாயில் ரத்தம் வந்தபோது சுரங்கத்து டாக்டரிடம் போனேன். அவர் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. "கல்யாணம் ஆச்சாப்பா?" என்றார். இல்லை என்றேன். "மூலம்தான். உடம்புச் சூடு. சீக்கிரம் ஒரு பொண்ணைப் பார்த்துக் கட்டிக்கோ" என்று களிம்பு கொடுத்தார். கோரமண்டல் லைன் வீட்டில் பத்து வருஷமாக என்னோடு ஒரே பாயில் படுக்கிறவனைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? களிம்பைத் தடவிவிட்டதே அவன்தான். "இன்னாபா, கட்டி மாதிரி கீது. மறுபடியும் போய்க் காட்டு" என்று திட்டி அனுப்பினான். போனேன். கல்யாணம் எப்போது என்று டாக்டர் கேட்டார்.

சில மாதம் கழித்து அந்தக் கட்டி பெரிதாகி வாட்ச்மேன் கண்ணில் பட்டது. "இன்னாடா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று கத்தி, இரண்டு ஆள் காவலோடு என்னை அதே டாக்டரிடம் அனுப்பினார்.

அன்றைக்கு டாக்டர் எழுந்தார். கையுறை மாட்டினார், டார்ச் அடித்தார், விரல்விட்டுத் தேடினார். என் ரத்தத்துக்கு எழாத மனுஷன் தங்கத்துக்கு எழுந்துவிட்டார். பிறகு கை கழுவிவிட்டு, வாட்ச்மேனுக்கு ஒரு சீட்டு எழுதி என்னிடமே கொடுத்தார்:

"தங்கம் இல்லை. புற்றுநோய் மாதிரிதான் தெரிகிறது. ஆளை விட்டுவிடலாம்."