டெல்மார் வண்டியை மேட்டில்தான் நிறுத்துவார்

ஏழாம் வரிசை என்று பெயர் கொண்ட எங்கள் மலையூரில் யார் வீட்டு டிராக்டரும் சமதளத்தில் நின்றதில்லை. திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் மலைச்சரிவில் இருப்பது ஒரு காரணம். டெல்மார் சனோட்டோ எங்கள் மெக்கானிக்காக இருந்தது இன்னொரு காரணம். அவர் கைபட்ட வண்டியின் பேட்டரி ஒரு மாதத்துக்குள் படுத்துவிடும். பிறகு மேட்டில் நிறுத்தி, காலையில் பிரேக்கை விட்டு உருட்டி, பாதிச் சரிவில் கியரைப் போட்டுக் கிளப்ப வேண்டியதுதான். எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கடவுள் சரிவை இலவசமாகக் கொடுத்திருக்கிறார், பேட்டரியைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

டெல்மார் வேலை பழகியது டைனமோ காலத்தில். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரே சோதனைதான் உண்டு. என்ஜினை ஓடவிட்டு, பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி ஒயரைக் கழற்றித் தூக்கிக் காட்டுவார். முன்விளக்கு அணையாமல் எரிந்தால் எல்லாம் சரி. நாங்கள் சுற்றி நின்று தலையாட்டுவோம். பிறகு வண்டிக்குள் மின்சாரம் உண்டாக்கும் வேலைக்கு டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. டெல்மார் மட்டும் அதே ஸ்பேனரோடு நின்றார். சோதித்த வண்டிகள் சீக்கிரமே பேட்டரி செத்துத் திரும்பி வந்தால், இந்தக் காலத்தில் எல்லாவற்றையும் தகரத்தில்தான் செய்கிறார்கள் என்பார். அதற்கும் தலையாட்டினோம்.

போன வருடம் அவருடைய கொழுந்தியாள் கிளேசி ஊர் திரும்பினாள். கஷியாஸ் நகரத்தில் லாரிப் பட்டறையில் பதினோரு வருடம் மின்வேலை பார்த்தவள். சிற்றாலயத்துக்கு எதிரே ஒரு கொட்டகை பிடித்தாள். அவள் எதையும் கழற்றவில்லை. சோப்புக்கட்டி அளவு மீட்டர் ஒன்றின் இரண்டு ஒயர்களை பேட்டரியில் வைத்து எண்ணைப் படித்தாள். நின்ற வண்டியில் பன்னிரண்டரை வோல்ட், ஓடும்போது பதினாலு. எண் ஏறவில்லை என்றால் முதலில் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள், அடுத்து ஒயர் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று சுரண்டினாள், கடைசியாகத்தான் ஆல்டர்னேட்டரைத் திறந்தாள்.

டெல்மார் தினமும் சுரைக்குடுவையில் ஷிமராவ் என்னும் கசப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டு ஆலயத் திண்டில் வந்து உட்காரத் தொடங்கினார். குளிருக்கு வெயில் காயத்தான் என்றார். அங்கே வெயில் வராது. எதிர்க் கொட்டகையில் நிற்கும் டிராக்டர்களை எண்ணினார். பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து சாய்ந்திருக்கிறது என்று வருவோர் போவோரிடம் சொன்னார். மீட்டரைப் பொம்மை என்றார். தண்ணீர் ஆறிப்போய்க் குடுவை கையிலேயே இருக்கும். வீட்டில் மனைவி மரில்டே தங்கையின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டாள். சொன்னால் அவர் சூப்பில் உப்பு இல்லை என்பார்.

இதையெல்லாம்கூட டெல்மார் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் கிளேசியிடம் போய் வந்தவர்கள் டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தத் தொடங்கினார்கள். வேண்டுமென்றே, சாலையோரமாக, எல்லோர் கண்ணிலும் படும்படி. சமதளத்தில் நின்ற ஒவ்வொரு டிராக்டரும் அவர் முகத்தில் அறைந்தது.

ஜூலை இருபத்தைந்து, ஓட்டுநர்களின் பாதுகாவலர் புனித கிறிஸ்டோபர் திருநாள் வந்தது. டிராக்டர் பவனியில் புனிதரின் சுரூபம் பத்தொன்பது வருடமாக டெல்மாரின் நீல வண்டியில்தான் முதலில் போகும். ஆலயக் கமிட்டித் தலைவர் ஜெனேசியோ இந்த வருடம் ஒரு விதி போட்டார். ஆலய முற்றம் சமதளம். மந்திரித்து முடித்ததும் சாமியார் கண்ணெதிரே வண்டி சாவியில் கிளம்ப வேண்டும். போன வருடம் ஆறு பேர் தள்ளியதில் புனிதர் கவிழப் பார்த்தார். கிளம்பாவிட்டால் சுரூபம் இரண்டாவது வண்டிக்கு மாறும். இரண்டாவது வண்டி, பழைய இரும்புக்கடையிலிருந்து கிளேசி மீட்டெடுத்த சிவப்பு டிராக்டர்.

டெல்மார் புது பேட்டரி வாங்கினார். புது ஆல்டர்னேட்டரும் மாட்டினார். மாட்டிவிட்டு, வழக்கம்போல ஒயரைக் கழற்றிப் பார்த்தார். விளக்கு எரிந்தது. மறுநாளிலிருந்து டாஷ்போர்டில் சார்ஜுக்கான சிவப்பு எச்சரிக்கை விளக்கும் அணையாமல் எரிந்தது.

திருநாளுக்கு முந்தைய நாள் காலை, பவனி வண்டிகளை முற்றத்தில் நிறுத்தி மெக்கானிக் சோதிப்பது எங்கள் வழக்கம். மெக்கானிக் என்றால் இன்னமும் டெல்மார்தான். மற்ற வண்டிகளைச் சும்மா தட்டிப் பார்த்தவர், சிவப்பு டிராக்டரிடம் மட்டும் ஸ்பேனரோடு வந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒயரில் ஸ்பேனரை வைக்கும் முன் கிளேசி தன் உள்ளங்கையால் பேட்டரி முனையை மூடினாள்.

"கையை எடுங்க, அத்தான்."

"ஏன்? விளக்கு அணைஞ்சிடும்னு பயமா?"

"விளக்கு அணையாது. ஆல்டர்னேட்டர்தான் போயிடும். அது தள்ளுற மின்சாரத்தை பேட்டரிதான் வாங்கி வச்சுக்குது. திடீர்னு பேட்டரியைப் பிடுங்கினா அது எங்கே போகும்? உள்ளேயே திரும்பி, அங்கே இருக்கிற டையோடுங்கிற பாகத்தைச் சுட்டுடும். டைனமோ தாங்கிச்சு. இது தாங்காது."

டெல்மார் சிரிக்கப் பார்த்தார். கிளேசி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க வண்டியில எப்போ கழட்டிப் பார்த்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"புதன்கிழமையிலிருந்து சிவப்பு விளக்கு அணையலையா?"

முப்பது வருடத்து வண்டிகள் அவர் மனசுக்குள் மேட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருண்டு வந்திருக்க வேண்டும். ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டு, சிவப்பு வண்டி நன்றாக இருக்கிறது என்று ஜெனேசியோவிடம் சொன்னார். கொழுந்தியாளைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது, அதுவும் டிராக்டருக்குச் சொன்னது.

அன்று பிற்பகல் நீல டிராக்டர் கிளேசியின் கொல்லைப்பக்கம் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் கேட்கக்கூடாது என்று என்ஜினை அணைத்து, வீட்டிலிருந்து சரிவு முழுக்க உருட்டியே கொண்டுவந்தார். சத்தம் கேட்கவில்லைதான். ஏழாம் வரிசை முழுக்க ஜன்னலில் நின்று பார்த்தது.

கிளேசி ஆல்டர்னேட்டரைத் திறந்து கருகிய டையோடுத் தகட்டை எடுத்துக் காட்டினாள், எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சண்டையாவது போட்டிருப்பார். ஸ்பேனரை அவள் பிடித்த விதம் தப்பு என்றார். அவள் வேறு தகடு மாட்டி, பேட்டரியைச் சார்ஜில் போட்டு ஏற்றி, வண்டியைக் கிளப்பினாள். மீட்டரையும் அதன் ஒயர்களையும் அவர் கையிலேயே கொடுத்தாள். எண் பதினாலைத் தாண்டி நின்றது. டெல்மார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருக்குப் பொறாமை கொழுந்தியாள் மேல் இல்லை, அந்தச் சின்னப் பெட்டி மேல்.

"இது எங்கே கிடைக்குது?"

"கஷியாஸ்ல எந்தக் கடையிலயும் கிடைக்கும். முதல்ல ஒரு மூக்குக்கண்ணாடி வாங்குங்க அத்தான். மீட்டரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

மறுநாள் சாமியார் தீர்த்தம் தெளித்தார். டெல்மார் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. புனிதர் அசையவில்லை. இருபதாவது வருடமும் நீல டிராக்டர்தான் முன்னால் போனது. பின்னால் வந்த சிவப்பு வண்டியை டெல்மார் பவனி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதன் ஹாரன் தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று மரில்டேயிடம் குறைப்பட்டாராம்.

இப்போது அவர் யார் வண்டியிலும் ஒயரைக் கழற்றுவதில்லை. கேட்டால், அது கூடாது என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்ததாகச் சொல்கிறார். அதற்கும் தலையாட்டுகிறோம். நீல டிராக்டரின் பேட்டரி கல்லுமாதிரி இருக்கிறது. ஆனாலும் தினமும் சாயங்காலம் அவர் அதை மேட்டில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார், காலையில் பிரேக்கை விட்டு உருட்டித்தான் கிளப்புகிறார். சமதளத்தில் நிறுத்தினால் யார் பழுது பார்த்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா.