இரையாத பெட்டி

என் சகலை கிடாரைக் கையில் எடுத்தால் எனக்கு வயிறு எரியும். ஒளித்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், மயக்கமருந்து டாக்டர். கியூபெக்கில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்கேயில் அவருக்குத் தோட்டத்தோடு வீடு. நாங்கள் இந்தப் பக்கம் வில்லரே பேட்டையில் இரண்டாவது மாடியில் இருந்தோம், வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படி, பனிக்காலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அவர் வீட்டைப் பார்த்து நான் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. காரைப் பார்த்துக் கொஞ்சம் பட்டிருக்கிறேன். ஆனால் அவர் வாசிக்க உட்கார்ந்ததும் என் மனைவி தானாகவே பக்கத்தில் போய் உட்கார்ந்து பாட ஆரம்பிப்பாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நானும் கிடார் வாசிப்பேன். இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டது. அவரைவிட விரல் வேகம் எனக்கு அதிகம், இதை அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் வீட்டில் நான் கிடாரை எடுத்தால் அவளுக்கு அடுப்பில் குழம்பு இருக்கும், இல்லையென்றால் தலைவலி இருக்கும். என்னோடு மட்டும் ஏன் பாடமாட்டேன் என்கிறாய் என்று ஒருநாள் அவளைக் கேட்டே விட்டேன்.

"அத்தான் வாசிச்சா சுருதி சேருதுங்க. உங்ககூட என்னவோ சேரமாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

யோசித்துப் பார்த்தேன். அவரிடம் இருப்பதில் என்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர், பழைய ரேடியோவில் சிவப்பாக எரியுமே அந்தக் கண்ணாடி வால்வு வைத்துக் கையால் செய்த பெட்டி. ஊரெல்லாம் ட்ரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்த எழுபதுகளில் இவர் மட்டும் வால்வுதான் வேண்டும் என்று தேடிப் பிடித்துச் செய்துகொண்டார். செய்து கொடுத்தவர் எங்கள் வில்லரேயிலேயே, என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நிலவறையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த கியூபெக்காரர். என் வீட்டுப் பக்கத்தில் இருந்த ஆளை ஆற்றைத் தாண்டி வந்து கண்டுபிடித்திருக்கிறார் மனுஷன்! அதுவும் சேர்ந்து எரிந்தது.

ஒரு சனிக்கிழமை நானும் போனேன். "போன்ஜூர்" என்றதோடு என் பிரெஞ்சு தீர்ந்துவிட்டது. மிச்சம் ஆங்கிலத்திலும் கை ஜாடையிலும் நடந்தது. டாக்டருக்குச் செய்த பெட்டி போலவே எனக்கும் ஒன்று வேண்டும், ஆனால் எல்லாம் அதைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்றேன். அவருக்கு எட்டு இஞ்ச் ஸ்பீக்கரா, எனக்குப் பத்து. அவருக்குத் திருகும் குமிழ் ஒன்றா, எனக்கு மூன்று. அவர் பெட்டிக்கு முன்னால் பழுப்புத் துணி, எனக்கு அரக்குச் சிவப்பு. முக்கியமாக, அவர் பெட்டியைப் போட்டால் வாசிக்காதபோதும் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது எனக்குக் கூடாது. நான் மின்சார இன்ஜினியர், டவுன்டவுன் ஆபீஸில் ட்ரான்ஸ்ஃபார்மர் டிசைன் செய்வதுதான் என் பிழைப்பு. என் பெட்டி இரைந்தால் எனக்கு என்ன மரியாதை?

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. காகிதத்தில் படமே போட்டுக் கொடுத்தேன். ட்ரான்ஸ்ஃபார்மரை இந்த மூலைக்குத் தள்ளு, வால்வைச் சூடாக்கும் கம்பிகளை இப்படி முறுக்கு, இரைச்சலை வடிகட்டும் கண்டென்சரை இரண்டு மடங்காகப் போடு. மூன்று வாரம் ஆயிற்று. பெட்டியைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். சின்ன விளக்கு எரிகிறது, வால்வு சிவக்கிறது, ஒரு சத்தம் இல்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஊஹூம். எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்குங்க" என்று சிவப்புத் துணியைத் தடவிவிட்டுப் போனாள்.

நவராத்திரிக்குச் சகலை வீட்டில்தான் கொலு. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தமிழ்க் கும்பல் மொத்தமும் அங்கே இருந்தது. வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பாட வேண்டும், அது வழக்கம். என் மனைவியின் முறை வந்தபோது, இந்த வருஷம் நான்தான் வாசிக்கப்போகிறேன் என்று அறிவித்துவிட்டேன். "ஆகா, தாராளமா வாசி தம்பி" என்று சகலை தன் பெட்டியை ஓரமாகத் தள்ளி எனக்கு இடம் விட்டார். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்து இன்னும் எரிந்தது.

நான் வாசித்தேன். அவள் எடுத்தாள், நிறுத்தினாள். மறுபடி எடுத்தாள். இரண்டு வரி போனதும் குரல் எங்கேயோ வழுக்கியது, தலையை ஆட்டிக்கொண்டு நிறுத்திவிட்டாள். சுருதிப்பெட்டி இருந்தால் சமாளித்திருப்பாள். மெட்ராஸிலிருந்து கிளம்பும்போது எடை அதிகம் என்று அதை விட்டுவிட்டு வரச் சொன்னவன் நான். அப்புறம் வரவழைத்துக்கொள்ளலாம் என்றேன், வரவழைக்கவில்லை.

"அத்தான், உங்க பெட்டியக் கொஞ்சம் போட்டு விடுங்களேன்" என்றாள்.

"வேணாம்மா, தம்பியோடது புதுசு, நல்லா…"

"நீங்க வாசிக்க வேணாம் அத்தான். அது சும்மா ஓடிட்டு இருக்கட்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார். "ம்ம்ம்" என்று அது இரைந்தது. அவ்வளவுதான், என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள் பாருங்கள், அப்படி ஒரு பாட்டை அந்த வீடு கேட்டிருக்காது. நானும் கூடவே வாசித்தேன், யார் கவனித்தார்கள்? "டாக்டர் வாசிக்காமலே எவ்வளவு எடுப்பா இருக்கு!" என்றாள் ஒரு மாமி. நான் சுண்டல் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுக் கிடாரை உறைக்குள் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். டாக்டருடையதைப் போலவே இதுவும் இரைய வேண்டும் என்றேன். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் மேஜையில் இருந்த திருகாணி எல்லாம் உருண்டன.

"அவர் பெட்டியும் முதலில் இரையவில்லையே! சுத்தமாகத்தான் செய்து கொடுத்தேன். பத்து நாளில் தூக்கிக்கொண்டு வந்து இரைச்சல் வேண்டும் என்றார். பைத்தியமா உமக்கு என்று கேட்டேன். 'என் மனைவியின் தங்கை ஃப்ரிட்ஜ் இரைச்சலோடு சேர்ந்துதான் பாடுகிறாள், ஃப்ரிட்ஜை நான் ஹாலுக்குத் தூக்கி வர முடியுமா' என்றார் டாக்டர். உம்மிடமும் இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், நீர் விட்டால்தானே."

ஒரு ஊரில் ஓடும் கரண்ட் ஃப்ரிட்ஜையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே சுருதியில்தான் இரைய வைக்கும். இது எனக்குத் தெரியாதா? இதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன். ஒரு கண்டென்சரைக் கழற்றினால் போதும், பத்து நிமிஷ வேலை என்றார் அவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அப்படியே தூக்கி வந்துவிட்டேன்.

"நீ ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னு பாடறது உங்க அத்தானுக்கு எப்படித் தெரியும்?" என்று மனைவியிடம் கேட்டேன். கேட்ட தொனி நல்ல தொனி இல்லை.

"அவங்க வீட்டுல தரை மாத்தினப்போ ஒரு வாரம் இங்கதானே தங்கினாங்க? தினம் காலைல பாடுவேனே, அப்பக் கேட்டிருப்பார்."

தினம் காலையில்! மூன்று வருஷமாக நான் அதே வீட்டில், அதே நேரத்தில், ஹாலில் உட்கார்ந்து ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை ரேடியோவைப் போடவில்லை. காபி டம்ளரோடு சமையலறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சர்க்கரை பத்தலையா?"

"அதெல்லாம் சரியா இருக்கு. நீ பாடு."

ஒருமுறை வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நீங்க நின்னா எனக்கு வரமாட்டேங்குதுங்க."

"அவர் நின்னப்போ மட்டும் வந்துதா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அத்தான் நிக்கலைங்க. உக்காந்து கேட்டார்."