டிரையர் இருந்த இடம்

எட்டாவது தாண்டாத நான் ஈரோட்டில் மாவு மில் கட்டினேன், தறிப்பட்டறை போட்டேன், மகனைப் படிக்க வைத்து அமெரிக்காவில், இந்த ஃபிரிஸ்கோவில் வீடு வாங்க வைத்தேன். அதையெல்லாம் ஒருவரும் வந்து பார்த்ததில்லை. இங்கே மகன் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் பிட்காயின் எடுக்கும் மெஷின் ஒன்று வாங்கினார், தெருவே போய்ப் பார்த்தது.

ஆள் ஒல்லி. எந்நேரமும் அரைக்கால் சட்டை. பேசிக்கொண்டே மெஷினின் அனலில் உள்ளங்கையைக் காட்டி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

முதலில் அது ஓடவே இல்லை.

"கராஜ் பிளக்ல பவர் பத்தல அங்கிள். புது லைன் இழுக்க எலெக்ட்ரீஷியன் சொத்தையே எழுதிக் கேக்கறான்."

"உங்க வீட்ல துணி எங்கீங்க காயுது?"

"பின்னாடி கொடியிலதான். அம்மா வந்ததுலேர்ந்து டிரையரைத் தொடவே விடல."

"அப்ப அதைக் கழட்டிப் போட்டுட்டு மெஷினை அங்க வைங்க. பெரிய பிளக்கும் இருக்குது, சூடு வெளிய போக ஓட்டையும் இருக்குது."

அன்றைக்கே ஓடியது.

போன ஞாயிறு கோயிலிலிருந்து வந்தவர்கள் அதைச் சுற்றி நின்றார்கள். "எப்படி இந்த ஐடியா?" என்று ஒருவர் கேட்டார். இவர் அனலில் கையை நீட்டியபடி, "தானா தோணுச்சு" என்றார். நான் பக்கத்திலேயே காபி டம்ளருடன் நின்றிருந்தேன். அந்தக் காபியைக் கொடுத்தவரும் அவர்தான்.

கெட்டவர் இல்லை. என் பெயரைச் சொன்னால் அவருக்கு என்ன குறைந்துவிடும் என்பதுதான் விளங்கவில்லை. காசில் பங்கு வேண்டாம். அடுத்தவர் கேட்கும்போது, இடம் காட்டியது எதிர்வீட்டு அங்கிள் என்று சொல்லட்டும். நான் அங்கே நிற்கும்போதே சொல்லட்டும்.