பொண்ட் இல்லாத மெஷின்

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. அம்மா என்னைக் கூப்பிடுவதே ‘அவசரக் குடுக்கை’ என்றுதான். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாட்டில் யுத்தம் நடந்த காலம். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் மிளகுக் கடைக்கு மேல்மாடியில் கொம்பியூட்டர் சங்கம் கூடும். சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய மெஷின் இரண்டு, பிளாஸ்டிக் கதிரை பத்து, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஒரே சட்டம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். முறை வரும்வரை, அட்டைப் பெட்டியில் பேனாவால் வரைந்த கீபோர்டில் விரல் பழக வேண்டும். அதைத் தட்டத் தட்ட எனக்கு எரிச்சல்தான் வரும். சத்தமும் இல்லை, எழுத்தும் இல்லை, என்ன எழவுக்கு இது என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

நடத்தியவர் ஒரு சிங்கள மிஸ். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தமிழில் ‘வாங்க’, ‘போங்க’ தவிர வேறு தெரியாது. என்னை ‘நங்கி’, அதாவது தங்கச்சி, என்பார். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம்.

அன்றைக்கு நான் அடித்தது அம்மாவின் கடிதம். மாமா பல வருசத்துக்கு முன்னே இந்தியாவுக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு எழுத வராது. சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். “மெஷின்லயே அடிச்சிட்டு வா. எம் மக என்ன படிக்கிறான்னு அண்ணன் பாக்கட்டும்” என்று சொல்லி அனுப்பியிருந்தது அம்மா.

தமிழ் பொண்ட், அதாவது தமிழ் எழுத்து, ஒரு மெஷினில்தான் இருந்தது. பிரிண்டர் மாட்டியிருந்தது மற்றதில். தமிழில் பிரிண்ட் வேண்டுமென்றால் பிரிண்டர் ஒயரைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்ட வேண்டும். மிஸ் பத்துத் தடவை சொன்ன விசயம். ஆனால் யாரோ மற்ற மெஷினில் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஆள் எழுந்ததும், கடிதத்தை ஏற்றி வைத்திருந்த புளொப்பியை அதிலேயே செருகினேன். திரையில் ஏதோ கோணல்மாணலாகத் தெரிந்தது. பேப்பரில் சரியாக வரும் என்று நானே முடிவுகட்டி, பிரிண்ட் அடித்து, பார்க்காமலே மடித்து, ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் செக் பொயிண்ட். பையைக் கொட்டினார்கள். பேப்பரை விரித்த சிப்பாய் சார்ஜனைக் கூப்பிட்டான். அப்போதுதான் நானும் பார்த்தேன்.

md;Gs;s mz;zDf;F

முழுப் பக்கமும் அப்படியே.

“என்ன ரகசியக் கோட் இது?” என்று சிங்களத்தில் கேட்டான் சார்ஜன்.

“கோட் இல்ல சேர். தமிழ். ‘அன்புள்ள அண்ணனுக்கு’ன்னு இருக்கு.”

“தமிழ் எங்கே? ஒரு எழுத்துகூட இல்லையே.”

அந்த மனுசன் கேட்டதில் பிழையே இல்லை. விசாரிக்கக் கூட்டிப்போன ஆள் எப்போது வீடு திரும்பும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. எங்கே அடித்தாய் என்றான். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

தோளில் துவக்கோடு சார்ஜனும் அந்தச் சிப்பாயும் என்னை மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். அட்டைக் கீபோர்டு ஒன்று கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. மிஸ் மட்டும் பேப்பரைப் பார்த்ததுமே ஒயரைக் கழற்றி மாட்டி, என் புளொப்பியிலிருந்து கடிதத்தைத் திரும்பப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். வரிக்கு வரி நல்ல தமிழ். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

சார்ஜன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தான். “எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். இதுல என்ன இருக்கு?”

நான் சிங்களத்தில் சொன்னேன். முட்டி வலி தாங்க முடியவில்லை, நீ பிறந்த அறையில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது, உன்னைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது அண்ணே. அம்மா அடுப்பங்கரையில் எனக்கு மட்டும் சொன்னதை, துவக்குக்கு முன்னால் நின்று ஒப்பித்தேன். அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

“அப்படித்தான் எழுதியிருக்கு சேர்” என்றார், எங்கள் பின்னாலேயே மாடி ஏறி வந்திருந்த நானா. சார்ஜன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிஸ்ஸிடம் நீட்டினான். “நீங்க சொல்லுங்க மிஸ். இவ சொன்னதுதான் இருக்கா?”

மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் வரியிலிருந்து விரலை வைத்து, அவசரமே இல்லாமல், அடிவரைக்கும் நகர்த்தினார்.

“ஆமா. அப்படியேதான் இருக்கு.”

அவர்கள் இறங்கிப் போனார்கள். கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது. நானா தன் லொறியில் என்னை ஏற்றி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு போவதா வேண்டாமா என்று குழம்பிக் குழம்பித்தான் போனேன். மிஸ் அந்தத் தமிழ்த் தாளை எடுத்து வைத்திருந்தார்.

“நங்கி, நான் அன்னைக்குப் பொய் சொன்னேனா?”

“இல்ல மிஸ்.”

“அப்ப அந்தப் பயமா இருக்குங்கிறது எந்த வரின்னு எனக்குக் காட்டு. நான் சாட்சி சொன்ன வரி.”

‘அப்படியேதான் இருக்கு’ என்று சொன்னபோது அவர் விரல் நின்ற இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அங்கே இருந்தது எங்கள் தோட்டத்து விலாசம். அதை நான் சொல்லவில்லை. அவர் விரலைப் பிடித்து, நாலு வரி மேலே கொண்டுபோய் வைத்தேன்.